வில்லின் நீளமும் நேர்மாறு சார்பின் வகைக்கெழுவும்: யுக்திபாஷையை முன்வைத்து

முன்னுரை

இன்றைய நுண்கணிதப் பாடநூல்களில் சார்பு முதலிலும், அதன் நேர்மாறு அடுத்தும், நேர்மாறின் வகைக்கெழு இறுதியிலும் இடம்பெறுகின்றன. டேன்ஜெண்ட் சார்பின் வகைக்கெழுவைக் கண்டு, அதைத் தலைகீழாக்கியே அதன் நேர்மாறின் வகைக்கெழு 1/(1+த²) எனப் பெறப்படுகிறது. இக்கருத்து வரலாற்றிலும் இவ்வரிசையில்தான் தோன்றியதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

யுக்திபாஷையின் நிறுவல்

சங்கமகிராமத்து மாதவருக்கு (ஏறத்தாழ 1340–1425) உரியதாகக் கருதப்படும் வட்டத்தொடருக்கு, 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷை விரிவான நிறுவல் தருகிறது. அதனை இன்றைய குறியீட்டில் பின்வருமாறு சுருக்கலாம். வட்டத்தின் ஆரம் 1 எனக் கொள்க. தொடுகோட்டில் த நீளமுள்ள துண்டு மிகப் பல சம பகுதிகளாக்கப்பட்டு, பிரிவுப் புள்ளிகள் மையத்துடன் இணைக்கப்படுகின்றன. வடிவொத்த முக்கோணங்களை இருமுறை பயன்படுத்தினால், தொடுபுள்ளியிலிருந்து ச தொலைவிலுள்ள சிறு பகுதிக்குரிய வில், அப்பகுதியை 1+ச² ஆல் வகுத்த ஈவுக்கு ஏறத்தாழச் சமம் என்பது புலனாகும். பகுதிகள் சிறுக்கச் சிறுக்கப் பிழையும் மறையும். அவ்வீவைத் தொடராக விரித்து, அடுக்குகளின் கூடுதலைக் கண்டால், வில்லின் நீளம் த − த³/3 + த⁵/5 − ... என அமைகிறது. த = 1 எனில் வட்டச் சுற்றளவின் எட்டிலொரு பங்கு கிடைக்கும். சைன், கொசைன் ஆகிய இரண்டில் சிறியதையே தொகுதியில் கொள்ள வேண்டும் என்ற வரையறையும் நூலில் உண்டு. த ஒன்றை மிஞ்சினால் தொடர் குவியாது என்பதால் இது இன்றியமையாதது.

மீள்கண்டறிதல்

ஐரோப்பாவில் ஜேம்ஸ் கிரகோரி இத்தொடரை 1671இல் கண்டார். கேரளத் தொடர்களைக் குறித்துச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் சார்லஸ் விஷ் எழுதிய கட்டுரை 1834இல் அச்சேறியும், நூறாண்டுக் காலம் பெரிதும் கவனிக்கப்படவில்லை. சென்னையில் கணிதம் கற்பித்த சி. டி. ராஜகோபால், கே. முகுந்த மாராருடன் இணைந்து 1944இல் வெளியிட்ட கட்டுரை அதனை மீண்டும் கணித உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தது.

முடிவுரை

யுக்திபாஷையில் சார்பு என்னும் பொதுக் கருத்தோ, எல்லாச் சார்புக்கும் பொருந்தும் வகையிடல் விதியோ இல்லை. ஆகவே நுண்கணிதம் முழுமையாகக் கேரளத்தில் பிறந்தது எனல் மிகைக்கூற்று. ஆயினும் அது வெறும் எண்கணக்கு எனல் குறைக்கூற்று. டேன்ஜெண்ட்டை வகையிடாமலே, அதன் நேர்மாறின் மாறுவீதத்தை வடிவியல் வழியே நேராகக் கண்டு கூட்டியமையே அம்மரபின் சாதனை. பாடநூலின் வரிசை கற்பித்தலுக்கு உரியது. கண்டுபிடிப்பின் வரிசை வேறு.