நோட்டில் ஏறிய கடனும் ஏறாத கடனும்: கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தின் கடன் வரலாறு

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து தீர்ந்துவிடுவதால், அந்த ஈரத்தை நம்பி விதைத்த பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் அடுத்தொரு மழை இல்லாமலே மகசூலுக்கு வர வேண்டியிருக்கிறது. உழவுக்கும் விதைக்கும் புரட்டாசியிலேயே பணம் வேண்டும். பருத்தி வெடித்துக் காசாவதோ மாசி, பங்குனிக்குப் பிறகுதான். இந்த இடைவெளியைக் கடன் வாங்கியே கடக்க வேண்டியிருந்ததால், ‘சம்சாரி’ என்று இவ்வட்டாரத்தில் அழைக்கப்படும் புஞ்சை விவசாயி ஆண்டில் பாதியைக் கடனோடு கழிப்பதை எவரும் குறையாகக் கருதியதில்லை. மழை பொய்த்த ஆண்டில் அந்தப் பாதி முழு ஆண்டாகவும், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்தால் தலைமுறைக் கடனாகவும் மாறியபோதுதான், எதை முதலில் அடைப்பது, எதை விடுவது, எந்த வழியில் மீள்வது என்ற கேள்விகள் குடும்பங்களின் முன் வந்து நின்றன.

1876ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டதும், கோவில்பட்டி அந்தப் பாதையில் ஒரு பருத்திச் சந்தையாக வளர்ந்தது. அதே ஆண்டில் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென் மாவட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே உலகச் சந்தையோடு இணைந்த பருத்தி, விலை ஏறிய காலத்தில் கடன் கொடுப்பவருக்கு நம்பிக்கையையும், விலை விழுந்த காலத்தில் வாங்கியவருக்குச் சுமையையும் தந்தது. ஊருக்குள் கடன் கொடுத்தவர்கள் எங்கிருந்தோ வந்த வட்டிக்காரர்கள் மட்டுமல்லர். சற்று வசதியான சம்சாரிகளும், பருத்தியை முன்கூட்டியே பேசிவைக்கும் தரகர்களும், கடைக்காரர்களும் அவர்களில் அடங்குவர். விளைச்சல் தங்களிடமே வந்துசேர வேண்டும் என்ற வாய்மொழி ஒப்பந்தம் பல கடன்களில் மறைந்திருந்ததால், வட்டி எவ்வளவு என்பதைத் தாளில் எழுதியதை வைத்து மட்டும் கணக்கிட இயலாது.

கடன்களின் வடிவங்கள் பலவகை. எழுத்தில்லாமல் சில நாட்களுக்கு வாங்குவது கைமாற்று. கேட்டவுடன் திருப்பித் தருவதாக முத்திரை ஒட்டிக் கையெழுத்திடுவது புரோநோட்டு. நிலத்தைக் கடன் கொடுத்தவர் உழுது அனுபவிக்க, அந்த விளைச்சலே வட்டிக்கு ஈடாவது ஒத்தி. நகையையோ பாத்திரத்தையோ பொருளாகவே ஒப்படைப்பது அடகு. இவற்றுள் குடும்பங்களை அதிகம் முடக்கியது புரோநோட்டே எனலாம். மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் நோட்டு காலாவதியாகிவிடும் என்று காலவரையறைச் சட்டம் விதித்ததால், மூன்றாம் ஆண்டின் முடிவில் சேர்ந்த வட்டியை முதலோடு கூட்டி, புதிய நோட்டு எழுதி வாங்குவது வழக்கமாயிற்று. எடுத்துக்காட்டாக, 1926இல் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் வாங்கிய 200 ரூபாய், ஒன்றும் கட்டாமல் மூன்று முறை நோட்டு மாற்றி எழுதப்பட்டால் 1935இல் 503 ரூபாய் முதலாக நிற்கும். கடனாளியைக் காக்க வந்த காலவரையறையே இங்கே கூட்டுவட்டிக்கு வழி திறந்துவிட்டது.

கடனாளிக் குடும்பம் பணத்தைப் பங்கிட்டுக் கட்டிய வரிசையில் சர்க்காருக்கே முதலிடம். நிலத் தீர்வையின் தவணையான கிஸ்தி, பருத்தி முழுதாக விற்றுத் தீருவதற்கு முன்பே வந்து நின்றது. அதைக் கட்டத் தவறினால் 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டத்தின்படி ஜப்தி, அதாவது உடைமைகளைக் கைப்பற்றுதல், நீதிமன்றத் தீர்ப்பு எதற்கும் காத்திராமல் நடந்தது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் எழுதிய ‘கதவு’ சிறுகதையில் தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவு பெயர்த்து எடுத்துச் செல்லப்படுவது, இந்த அதிகாரம் ஏழை வீட்டின் வாசல்வரை எப்படி எட்டியது என்பதற்கு இலக்கியச் சான்று. தனியார் கடனுக்கான ஜப்தியில் நிலைமை சற்று வேறு: 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், தேவையான உடைகளையும் சமையல் பாத்திரங்களையும் படுக்கையையும், சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணியையும், விவசாயியின் ஏர்க்கருவிகள், மாடுகள், விதைத் தானியம், குடியிருக்கும் வீடு ஆகியவற்றையும் கைப்பற்றக் கூடாது என்று விலக்கியிருந்தது.

சட்டம் தந்த மற்றொரு வழி, 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ் திவாலாகிவிட்டதாக மனுக் கொடுப்பது. பேச்சுவழக்கில் இதற்கு ‘ஐ.பி. கொடுப்பது’ என்றும் ‘மஞ்சள் கடுதாசி கொடுப்பது’ என்றும் பெயர். 500 ரூபாய்க்குக் குறையாத கடன் உள்ளவர் நீதிமன்றத்தை அணுகினால், அவருடைய சொத்து நீதிமன்றப் பொறுப்பாளரிடம் போய், கடன்காரர்களுக்குப் பங்கிடப்படும்; முறையாக நடந்துகொண்டவருக்குப் பின்னர் விடுதலை கிடைக்கும். சிறு வியாபாரிகளுக்குப் பயன்பட்ட இந்த வழியைச் சம்சாரிகள் பெரிதும் நாடாததற்கு மானம் ஒரு காரணம் என்றால், அடுத்த புரட்டாசிக்கு விதைப் பணம் எங்கே கேட்பது என்ற கணக்கு அதைவிட வலிய காரணம். மஞ்சள் கடுதாசி கொடுத்தவருக்கு அந்த ஊரில் மறுபடியும் நோட்டு எழுத ஆள் கிடைப்பதில்லை.

வட்டிக்காரருக்கு மாற்றாக அரசு கண்ட முதல் பெரிய ஏற்பாடு கூட்டுறவு. சென்னை மாகாணத்தின் பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் ரெய்பைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895 முதல் 1897 வரை வெளியிட்ட அறிக்கையில், மாகாணத்தின் கிராமக் கடனை 45 கோடி ரூபாய் என மதிப்பிட்டார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. தனியார் துறையில் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. இவை வளர்ந்தும், மாகாண வங்கி விசாரணைக் குழு 1930இல் கடனை 150 கோடியாகவும், அதே பொருளை ஆராய்ந்த சத்தியநாதனின் 1935 அறிக்கை 200 கோடியாகவும் கணித்தன. இடையில் வந்த உலகப் பொருளாதார மந்தம் விளைபொருள் விலையைப் பாதியளவுக்குச் சாய்த்துவிட்டதால், நூறு ரூபாய்க் கடனுக்கு முன்பு விற்றதைப் போல இரு மடங்கு பருத்தியை விற்க வேண்டிய நிலைக்குச் சம்சாரி வந்திருந்தார்.

1936இல் இயற்றப்பட்ட கடன் சமரசச் சட்டம், கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒரு வாரியத்தின் முன் அமர்த்தித் தொகையைக் குறைத்துத் தவணை பேசிக்கொள்ள வழிசெய்தது. இதன் குறை வெளிப்படையானது: கடன் கொடுத்தவர் இசைந்தாலொழிய எதுவும் நடக்காது. இந்தக் குறையை முற்றாக மாற்றியது, ராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்து 1938 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் நீங்கிற்று. முதலும் வட்டியுமாகச் சேர்த்து முதலின் இரு மடங்கு ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. கட்டிய தொகை அதற்குக் குறைந்தால், இரு மடங்கை நிரப்பத் தேவையான தொகை, எஞ்சிய முதல் ஆகிய இரண்டில் சிறியதைக் கட்டினால் போதும். நோட்டு எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டிருந்தாலும் தொடக்கத்தில் கைமாறிய பணமே முதல். மேலே கண்டதைப் போன்ற 200 ரூபாய்க் கடனுக்கு இடையிடையே 300 ரூபாய் கட்டியவர் இனி 100 ரூபாய் தந்தால் விடுபடலாம். 400 கட்டியவர் எதுவும் தர வேண்டியதில்லை. 1932க்குப் பிந்திய கடன்களுக்கு வட்டி 5 சதவீதமாகவும், இனி வாங்கும் கடன்களுக்கு ஆறேகால் சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. வட்டி அசலை மிஞ்சக் கூடாது என்ற பழைய தர்மசாஸ்திர நெறியின் சாயல் இதில் தெரிந்தாலும், மாகாணம் முழுவதற்கும் ஒரே வீச்சில் அதைச் செயல்படுத்தியதில் இச்சட்டம் துணிச்சலானது.

அதே சட்டத்தின் விலக்குகளைப் பார்த்தால், எந்தக் கடன் அரசின் கண்ணுக்குத் தெரிந்தது என்பது விளங்கும். சர்க்காருக்குக் கட்ட வேண்டிய தீர்வையும் கூட்டுறவுச் சங்கக் கடனும் குறையவில்லை. வேறு சொத்தில்லாத பெண் ஒருவர் 3,000 ரூபாய்க்கு மேற்படாமல் கொடுத்திருந்த கடனும் விலக்கப்பட்டது. கைம்பெண்கள் தங்கள் சிறு பணத்தை வட்டிக்கு விட்டே பிழைத்த ஊர்களில் இது நியாயமான விலக்கு. ஆனால் ‘விவசாயி’ என்ற வரையறை நிலத்தில் விற்கத்தக்க உரிமையோ குத்தகை உரிமையோ உள்ளவரை மட்டுமே குறித்ததால், களையெடுத்தும் பருத்தி எடுத்தும் கூலியில் வாழ்ந்த, நிலமில்லாத குடும்பம் சட்டத்துக்கு வெளியே நின்றது. நோட்டு என்ற ஆவணமே நீதிமன்றங்களில் பெரும் சர்ச்சைக்குள்ளாயிற்று: புரோநோட்டு மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்டது, மாகாணச் சட்டம் அதைத் தொடக் கூடாது என்ற வாதத்தைப் பரிசீலித்த பெடரல் நீதிமன்றம், நோட்டின் மேல் தீர்ப்பு ஆகிவிட்ட கடனில் மாகாணச் சட்டம் செல்லும் என 1940இல் முடிவு கூறியது.

இதன் விளைவை அளந்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பி.வி. நாராயணசாமி நாயுடு. 1946இல் வெளிவந்த அவருடைய அறிக்கையின்படி, 1939இல் ஏறத்தாழ 272 கோடியாக இருந்த கிராமக் கடன் 1945இல் 218 கோடியாகக் குறைந்தது. குறைவின் பெரும்பகுதி போர்க்கால விலையேற்றத்தால் லாபம் கண்ட பெரிய நிலக்காரர்களுடையது. சிறு சம்சாரிகளின் கடன் சொற்பமாகவே குறைய, கூலித் தொழிலாளரின் கடன் உயர்ந்திருந்தது. நோட்டையும் நிலத்தையும் பிடித்துக்கொண்டு சட்டம் செய்த உதவி, இவை இரண்டும் இல்லாத வீட்டைத் தொடவே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நிலமற்றோரையும் கைவினைஞரையும் கடன் நிவாரணம் நேரடியாகக் கருத்தில் கொள்ள 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெருக்கடி நிலைக்கால இருபது அம்சத் திட்டத்தைத் தொடர்ந்து தமிழகத்திலும் 1976 முதல் 1980களின் தொடக்கம் வரை அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்து, குறைந்த வருமானக் குடும்பங்களின் தனியார் கடன்களை நீக்கி, அடகு வைத்த பொருளைத் திருப்பித் தரவும் ஆணையிட்டன. அடகுக்கடைக்காரர்கள் அடுத்த முறை ஏழைகளுக்குக் கதவைச் சாத்தினார்கள் என்பது இதன் மறுபக்கம்.

நிலமுள்ளோரின் தேர்வு இக்காலத்தில் வேறு திசையில் சென்றது. கோவையிலிருந்து எழுந்த சி. நாராயணசாமி நாயுடுவின் தமிழக விவசாயிகள் சங்கம், கட்டுப்படியான விலை கிடைக்கும்வரை கூட்டுறவுக் கடனையும் வரியையும் கட்டுவதில்லை என்று அறிவித்து, ஜப்திக்கு வருவோரை ஊர் திரண்டு தடுக்கும் முறையைக் கையாண்டது. 1980இன் இறுதியில் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள குறிஞ்சாக்குளத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தனர். நாராயணசாமி நாயுடுவும் 1984 டிசம்பரில் கோவில்பட்டியிலேயே காலமானார். தனித்தனியே கட்டத் தவறியவர்கள் கூட்டாகக் கட்ட மறுத்தபோது கடன் அரசியல் கோரிக்கையாயிற்று; 2006இல் 6,866 கோடி ரூபாயும் 2021இல் 12,110 கோடி ரூபாயுமாகக் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியானது அந்த மரபின் தொடர்ச்சியே. தள்ளுபடி பெற்றவர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குள்ளவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையே மழையை விட்டுக் கூலியை நம்பும் குடும்பங்கள் பெருகிவிட்டன. 1920களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவி, குச்சி அடுக்கும் வேலையையும் பெட்டி ஒட்டும் வேலையையும் கிராம வீடுகளுக்குள் கொண்டுவந்தது. கோவில்பட்டியின் பஞ்சாலைகள் மாதச் சம்பளம் என்ற புதிய வரவைத் தந்தன. வருமானம் வாரந்தோறும் வந்ததால் வசூலும் வாரந்தோறும், நாள்தோறும் வந்தது. தண்டல் என்னும் முறையில் 1,000 ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கி 900 ரூபாயைக் கொடுத்து, நாளொன்றுக்குப் பத்து ரூபாயாக நூறு நாள் வசூலிப்பார்கள். கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கணக்கு ஆண்டு வட்டியாகப் பார்த்தால் எண்பது சதவீதத்தை எட்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைக் குற்றமாக்கி, மூன்றாண்டுவரை சிறை விதிக்கும் தமிழ்நாடு அதிகவட்டி வசூலித்தல் தடைச் சட்டம் 2003இல் வந்தது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டது. புரோநோட்டுக் காலத்து வட்டிக்காரர் முன்சீப் நீதிமன்றத்துக்குப் போக நோட்டு தேவைப்பட்டது. வாசலில் வந்து நிற்கும் இன்றைய வசூல்காரருக்கு நோட்டு தேவையில்லை என்பதால், நோட்டைத் திருத்தும் பழைய நிவாரண முறை இவரிடம் செல்லுபடியாவதில்லை.

சுய உதவிக் குழுக்களும் அவற்றைத் தொடர்ந்து வந்த நுண்கடன் நிறுவனங்களும் பெண்களின் பெயரில், ஈடின்றி, குழுவின் பொறுப்பில் கடன் கொடுத்தன. ஒரு நிறுவனத்தின் தவணையை இன்னொன்றின் கடனால் கட்டுவது பரவியபின், ஒரு குடும்பத்தின் மொத்தத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியை மிஞ்சக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் வரம்பு விதித்தது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்றைத் தமிழகச் சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றியது. வருமானத்தின் பாதி என்னும் அளவு மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். புரட்டாசியில் செலவும் பங்குனியில் வரவுமாக வாழும் மானாவாரிக் குடும்பத்துக்கு எந்த மாதத்தின் பாதி என்பது தெளிவாவதில்லை.

அதனால் அக்குடும்பங்கள் இன்னமும் நகையையே பெரிதும் நம்புகின்றன. வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நகைக்கடன் வட்டி குறைவு, கேள்வியும் குறைவு. ஓராண்டு முடிந்ததும் முதலும் வட்டியுமாகக் கட்டி நகையை மீட்க வேண்டும் என்று கணக்கர் கேட்கும்போது மகசூல் வந்திராவிட்டால், வெளியில் ஓரிரு நாளைக்குக் கூடுதல் வட்டிக்குப் பணம் புரட்டி மீட்டு, அதே நகையை மறுபடி அடகு வைத்து அந்தக் கைமாற்றை அடைக்கிறார்கள். வங்கியின் ஏட்டில் அது நாணயமாகத் தீர்க்கப்பட்ட ஒரு கடனாகவும், புதிதாகக் கொடுக்கப்பட்ட ஒரு கடனாகவும் பதிவாகிறது; இடையில் கைமாறிய வட்டி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.