கொழும்புத் தமிழரிடையே வலதுகுறைந்தோரின் தனிமையும் துணையும் – ஒரு வரலாற்று நோக்கு

தமிழிலக்கிய வரலாறு பயில்வோர் இரட்டைப்புலவரை நன்கறிவர். இளஞ்சூரியர், முதுசூரியர் என வழங்கப்பெறும் அவ்விருவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் கால் வழங்காதவர். பார்வையற்றவர் தம் துணைவரைத் தோளிற் சுமந்து நடந்தார் என்றும், சுமக்கப்பட்டவர் வழி கூறிச் சென்றார் என்றும், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார் என்றும் மரபுவழிச் செய்தி கூறும். ஏகாம்பரநாதர் உலா, தில்லைக் கலம்பகம் முதலியன அவர்தம் நூல்கள். இச்செய்தியை வியப்புக்குரிய கதையாகவே நாம் பெரிதும் கூறி வந்துள்ளோம். ஆயின் சமூக வரலாற்று நோக்கில் இதனை அணுகுமிடத்து வேறோர் உண்மை புலனாகும். அவ்விருவருள் எவரும் கொடுப்பவராக மட்டும் நின்றாரல்லர். பெறுபவராக மட்டும் நின்றாருமல்லர். ஒருவர் குறை மற்றவருக்கு முன்னமே தெரிந்திருந்தது; அதனை விளக்கிக் கூறவேண்டிய தேவை இருவருக்கும் இருக்கவில்லை.

இத்தகைய துணை நம் காலத்திற் கொழும்பு வாழ் தமிழருள் வலதுகுறைந்தோர்க்கு எவ்வாறு கிட்டியது, எவ்வாறு கிட்டாது போயிற்று என்பதனை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரு பகுதிகளையும் மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறப்பாக, திருவிழாக் காலங்களில் அவர்களைச் சூழும் தனிமையை நாம் கருத்திற் கொள்கின்றோம். அங்கவீனர், ஊனமுற்றோர், மாற்றுத்திறனாளிகள் எனப் பல பெயர்கள் வழங்கினும், ஈழத்து வழக்கில் நன்கு பயின்ற ‘வலதுகுறைந்தோர்’ என்ற சொல்லையே இங்கு ஆள்கின்றோம். இவர்கள் தொகை சிறிதன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோருள் 8.7 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதேனும் ஒருவகையில் வலதுகுறைந்தோராவர்.

முதற்கண் இடத்தின் இயல்பை நோக்குவோம். கொட்டாஞ்சேனை துறைமுகத்தை அடுத்தது. கோயில்களும் தேவாலயங்களும் வணிக நிலையங்களும் நெருங்கியது. வெள்ளவத்தை காலி வீதியை ஒட்டி வளர்ந்தது. அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு வடபகுதியிலிருந்து வந்தோர் பலர் குடியேறிய இடம். இரண்டும் தம்முள் வேறுபட்டனவாயினும் ஒரு பண்பால் ஒன்றுபடுவன. இங்கு வாழும் தமிழருட் பலருக்குக் கொழும்பில் இருப்பது வீடு. ‘ஊர்’ என்பது வேறிடத்தில் இருப்பது. சித்திரைப் புத்தாண்டு, நல்லூரின் இருபத்தைந்து நாட் திருவிழா, தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் என்பன வருந்தோறும் ‘ஊருக்குப் போதல்’ என்பது வாழ்வின் ஒழுங்காகவே அமைந்துவிட்டது. கடைகள் அடைபடும், ஒழுங்கைகள் வெறிச்சோடும், அயல்வீட்டுக் கதவுகளிற் பூட்டுத் தொங்கும். அவ்வேளையிற் பின்தங்கி நிற்பவர் யாவர் என்பதே நம் வினா.

இவ்வினாவுக்கு விடை காணுமுன், கொழும்பின் வரலாற்றிலேயே உள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் பயனுடைத்து. ஆடிவேல் விழா 1874ஆம் ஆண்டளவில் தொடங்கியதென்பர். வாந்திபேதி நோய் பரவிய அக்காலத்தில் ஆங்கில அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்திற்று. ஆகவே கதிர்காமம் செல்ல இயலாதோர் பொருட்டு, நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்பிலேயே வேல்விழா எடுத்தனர் என்பது வழங்கிவரும் வரலாறு. புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட இரதம், காலி வீதி வழியே பம்பலப்பிட்டியையும் வெள்ளவத்தையையும் நோக்கி வந்தது. போக இயலாதவரிடம் விழாவே வந்து சேர்ந்தது என்பது இதன் உட்பொருள். நோய்த்தடையால் எல்லோரும் போக இயலாதோராய் நின்றபோது இவ்வழி உடனே தோன்றிற்று. ஆண்டுதோறும் போக இயலாதிருக்கும் சிலருக்காக அத்தகைய வழி தோன்றவில்லை என்பதும் கருதத்தக்கது.

வடக்கே செல்லும் யாழ்தேவி புகைவண்டி 1956 ஏப்ரல் 23ஆம் நாள் தன் சேவையைத் தொடங்கிற்று. கொழும்புத் தமிழரின் உறவு வாழ்வில் அதன் பங்கு பெரிது. எனினும் புகைவண்டியின் படிகள் உயரமானவை. பெட்டியின் வாயில் ஒடுங்கியது. விழாக்கால நெரிசலோ சொல்லுந்தரமன்று. சக்கர நாற்காலியிலிருப்பவரைத் தூக்கி ஏற்ற இருவர் வேண்டும். இறக்க இருவர் வேண்டும். “இந்த முறை நீ இங்கேயே இரு, நாங்கள் கெதியில் வந்துவிடுவோம்” என்ற அன்பான சொல்லே பல வீடுகளில் முடிவாயிற்று. இதிற் கொடுமை எதுவுமில்லை. எவரையும் குற்றங்கூறவும் இயலாது. அதனாலேயே இத்தனிமை வெளியே பேசப்படாமற் போயிற்று. 1962இல் இளம்பிள்ளைவாதம் நாட்டிற் பெருவாரியாகப் பரவி, 1,800க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. அந்நோயின் இறுதித் தொற்று 1993இற் பதிவாயிற்று. இடைப்பட்ட காலத்திற் கால் தளர்ந்து வளர்ந்த ஒரு தலைமுறை இன்றும் நம்மிடையே முதுமையை எய்தி வருகின்றது.

இனி, ஒத்த நிலையினர் ஒன்றுகூடும் வாய்ப்பு எவ்வாறு தோன்றிற்று என்பதைக் காண்போம். செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்குமான பாடசாலையொன்றை மேரி சாப்மன் அம்மையார் 1912இல் தெகிவளையில் நிறுவினார். பின்னர் அது இரத்மலானையில் நிலைபெற்றது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் சிறிது தூரத்திலேயே அது உள்ளது. கல்வி புகட்டுவதே அதன் நோக்கம். ஆயின் கருதாத பயனொன்றும் விளைந்தது. தம் வீட்டில் ‘அந்த ஒரு பிள்ளை’யாக இருந்தவர், விடுதியிற் பலருள் ஒருவராயினர். செவிப்புலனற்ற பிள்ளைகளின் சைகைமொழி ஆசிரியர் கற்பித்தலினும் விடுதியறைகளிலும் விளையாட்டிடங்களிலுமே செழிக்கும் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. 1880இன் மிலான் மாநாடு வாய்ப்பேச்சு முறையையே வற்புறுத்திய பின்னரும் பிள்ளைகளின் கைகள் ஓயவில்லை. மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவாவில் 1970களின் இறுதியிலும் 1980களிலும் பாடசாலையில் ஒன்றுசேர்ந்த பிள்ளைகள் புதியதொரு சைகைமொழியையே தமக்குள் ஆக்கிக்கொண்டதை மொழியியலாளர் ஆராய்ந்துள்ளனர்.

இதனாற் பெறப்படும் உண்மை சற்று வியப்பளிப்பது. ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளில் ஏனைய பிள்ளைகள் மகிழ்வுடன் வீடு செல்வர். செவிப்புலனற்ற பிள்ளையும் மகிழ்வுடனேயே செல்லும். ஆயின் வீட்டிற் சைகை அறிந்தார் எவருமிலர். பந்தியில் உறவினர் அனைவரும் கூடிச் சிரிக்கும்போது அச்சிரிப்பின் காரணம் அப்பிள்ளைக்குப் புலனாகாது. “பிறகு சொல்கிறேன்” என்று கையசைப்பர். பின்னர் எவரும் சொல்லார். இவ்வாறு விழா நாளே அப்பிள்ளைக்கு மிகுந்த தனிமை நாளாகின்றது. உறவினர் இல்லாத தனிமை ஒன்று. உறவினர் நடுவேயுள்ள தனிமை மற்றொன்று. வெள்ளவத்தையிற் பூட்டிய வீடுகளிடையே இருந்தவர் முன்னதை அறிவர். விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளை பின்னதை அறியும். பின்னதை நம் சமூகம் தனிமையென்றே எண்ணுவதில்லை.

1956ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டில் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை தமிழ்மொழிப் பிள்ளைகளுக்கென நிறுவப்பெற்றது. தாய்மொழியிற் கல்வி பெறுதல் பெரும்பேறே என்பதில் ஐயமில்லை. ஆயின் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில் இதுவும் நிகழ்ந்தமை நோக்கற்பாலது. ஒரே விடுதியில் இருந்திருக்கக்கூடிய தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் இனி இருநூறு மைலுக்கும் மேற்பட்ட இடைவெளியில் வளர்ந்தனர். கைதடியிற் பயின்று தொழில் தேடிக் கொழும்பு வந்தோர், தம் பள்ளித் தோழர்களை வடக்கிலேயே விட்டு வந்தனர். கொழும்பில் இருந்த சங்கங்களிற் சிங்களமே பெரிதும் வழங்கிற்று.

பின்வந்த நிகழ்ச்சிகள் இவ்விடைவெளியை மேலும் அகலமாக்கின. 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தைத் தமிழர் வீடுகள் எரிந்தன. இரத்மலானை விமான நிலையம் அகதிகள் தங்குமிடமாயிற்று. பலர் கப்பலிற் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். ஓடக்கூடியவருக்கே ஓட்டம் கடினமாயிருந்த அந்நாளில், ஓட இயலாதவரின் உயிர் அயலார் கதவைத் திறந்தார்களா என்பதிலேயே தங்கியிருந்தது. ஆடிவேல் விழாவும் சில ஆண்டுகள் தடைப்பட்டது. 1990 ஜூன் மாதத்தில் யாழ்தேவி யாழ்ப்பாணம் செல்வது நின்றது. மீண்டும் அங்கு சென்றடைந்தது 2014 ஒக்டோபரிலேயாம். அவ்விருபத்துநான்கு ஆண்டுகளிற் கொழும்புத் தமிழருள் மிகப் பலரும், கால் வழங்கியவர் உட்பட, நினைத்தபோது ஊருக்குப் போக இயலாதோராயினர். போரில் உறுப்பிழந்தோரால் வலதுகுறைந்தோர் தொகையும் பெருகிற்று.

இக்காலத்திலேயே வெள்ளவத்தையின் தோற்றமும் மாறிற்று. தோட்டத்துடன் கூடிய வீடுகள் இருந்த ஒழுங்கைகளில் மாடித்தொடர்கள் எழுந்தன. கொட்டாஞ்சேனையின் நெருங்கிய குடியிருப்புக்களிற் சக்கர நாற்காலி நுழைவதரிது. ஆயின் அயலார் குரல் எளிதில் நுழையும். வெள்ளவத்தை மாடியிலோ மின்தூக்கி நாற்காலியை ஏற்றிச் செல்லும். குரல் ஏறிச் செல்லாது. 2022 மார்ச் 31இல் நாடு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது. மின்தூக்கி நின்றதும் மேல்மாடியிலிருந்த வலதுகுறைந்தோர் சிறைப்பட்டவராயினர். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 2020 ஏப்ரலிற் பெருந்தொற்றுக் காரணமாகக் கொழும்பு முழுவதும் ஊரடங்கினுள் புத்தாண்டைக் கழித்தது. அவ்வாண்டு ஒக்டோபரிற் கொட்டாஞ்சேனை மீண்டும் முடக்கப்பட்டது. உறவினரைக் காணாது ஒரு விழாவைக் கழிப்பது எத்தகையதென்பதை அன்று அனைவரும் அறிந்தனர். தடை நீங்கியதும் பெரும்பாலோர் அதனை மறந்தனர்.

இத்தனிமைக்கு நம் சமூகம் அளித்த விடை பெரும்பாலும் தருமமே. 1831இற் கொழும்பில் தோன்றிய நண்பர் உதவிச் சங்கம் போன்றவை நெடுங்காலம் தொண்டாற்றி வந்துள்ளன. அச்சங்கம் 1985இல் தொடங்கிய ஜெய்ப்பூர்க் கால் பணி பல்லாயிரவரை எழுந்து நடக்கச் செய்தது. இவற்றின் பெருமையை நாம் குறைத்துக் கூறோம். ஆயின் பிறந்தநாளிலும் விழா நாளிலும் இல்லங்களுக்குச் சோறு வழங்கிப் படம் எடுத்துத் திரும்பும் வழக்கத்தை நோக்குக. அன்று வாயிலில் வண்டிகள் நிறையும். மறுநாள் எவரும் வாரார். வயிறு நிறைந்தது, தனிமை அவ்வாறே இருந்தது.

இவ்வேறுபாட்டை நம் இலக்கணம் கொண்டே விளக்கலாம். நான்காம் வேற்றுமைக்குக் கொடைப் பொருளை இலக்கண நூலார் கூறுவர். ஆறாவதற்குக் கிழமைப் பொருளையும், மூன்றாவதற்கு உடனிகழ்ச்சிப் பொருளையும் கூறுவர். வலதுகுறைந்தோருக்கு நடத்தப்படும் சங்கம் ஒருவகை. வலதுகுறைந்தோருடைய சங்கம் மற்றொருவகை. ஐக்கிய நாடுகள் சபை 1981ஐச் சர்வதேச வலதுகுறைந்தோர் ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டிற் சிங்கப்பூரிற் பல நாட்டு வலதுகுறைந்தோரும் கூடித் தமக்கெனத் தாமே நடத்தும் உலக அமைப்பை நிறுவினர். இலங்கையிலும் விழிப்புலனற்றோர் தாமே நடத்தும் சம்மேளனம் தோன்றியமை இவ்வுணர்வின் விளைவே. ‘அவர்களுக்கு’ என்பதிலிருந்து ‘அவர்களுடைய’ என்பதற்கு வந்துள்ளோம். ‘அவர்களோடு’ என்பதற்கு இன்னும் முழுமையாக வந்திலோம்.

சட்டங்களும் இக்காலத்தில் எழுந்தன. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலதுகுறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களை அவர்கள் அணுகத்தக்கவாறு அமைத்தல் பற்றிய விதிகள் 2006இல் வந்தன. விபத்தினாற் சக்கர நாற்காலியை நாடிய அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், அவ்விதிகளைப் பின்பற்றுமாறு உயர்நீதிமன்றம் 2011இற் கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. சாய்தளமும் அகன்ற வாயிலும் தனிமையை நீக்கிவிடா என்பது உண்மையே. ஆயின் இரு நண்பர்கள் சந்திக்க வேண்டுமாயின் இருவரும் தத்தம் வீட்டைவிட்டு இறங்க வேண்டும். சந்திக்கும் மண்டபத்தினுள் நுழையவும் வேண்டும். படிக்கட்டு என்பது இவ்வகையில் நட்பின் தடையேயாகும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் பெறப்படும். விழாக்காலத் தனிமை உடற்குறையினால் மட்டும் விளைவதன்று. சமூகம் ஒருங்கே இடம்பெயரும் ஒழுங்கினால் விளைவது. இரண்டாவதாக, அதனை நன்குணர்ந்து தாங்குபவர் ஒத்த நிலையினரே; அவர்கள் கூடிய இடங்களிலெல்லாம் மொழியும் துணிவும் நட்பும் வளர்ந்தன. மூன்றாவதாக, அக்கூட்டுறவு மொழிப்பிரிவினாலும் போரினாலும் பலமுறை அறுபட்டது. அறுபட்டதை மீண்டும் இணைக்க நாம் முயன்றது குறைவு.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கோயில் மண்டபங்களும் தேவாலய மண்டபங்களும் சனசமூக நிலையங்களும் உள்ளன. புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில், ஊருக்குப் போகாதோர் இன்னார் என்று அறிந்து, படியில்லாத ஒரு மண்டபத்தை அவர்களிடமே ஒப்படைத்தால் எஞ்சியதை அவர்களே செய்வர். யார் யாரை அழைத்து வருவது, எவருக்கு நாள்தோறும் தொலைபேசியிற் பேசுவது என்பனவற்றை வெளியார் வகுக்கத் தேவையில்லை. சைகை அறிந்த ஒருவர் பந்தியில் இருப்பின் சிரிப்பின் காரணம் அனைவருக்கும் எட்டும். போக இயலாதோரிடம் விழாவைக் கொண்டுவந்த நகரம் இது. அதனை மீண்டும் செய்தல் இயலாததன்று. தோள் கொடுப்பவரும் வழி சொல்பவரும் நம்மிடையே இன்றும் உளர். ஒருவரையொருவர் கண்டுகொள்ள ஓர் இடமே அவர்க்கு வேண்டுவது.