மூடுபனியும் தொடர்வண்டித் தாமதமும்: வெடிச் சமிக்ஞை முதல் செயற்கைக்கோள் கருவி வரை

வட இந்தியச் சமவெளியில் டிசம்பர் மாதப் பிற்பகுதி தொடங்கி சனவரி முடியத் தொடர்வண்டிகள் பல மணிநேரம் தாமதமாக ஓடுவது ஆண்டுதோறும் நிகழ்வதாகும். பயணிகள் இதனை நிர்வாகக் குறைபாடாகவும், நிர்வாகம் இயற்கையின் இடையூறாகவும் கூறுவது வழக்கம். இத்தாமதத்தின் பெரும்பகுதி விதிகளால் வேண்டுமென்றே உண்டாக்கப்படுவது என்பதையும், அவ்விதிகள் விபத்துகளின் வழியே உருவானவை என்பதையும் இருப்புப்பாதை வரலாறு காட்டுகிறது.

மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கங்கள் மழையைத் தந்து விலகியபின் வானம் தெளிகிறது, காற்று அடங்குகிறது. இரவில் நிலம் விரைந்து வெப்பத்தை இழக்க, ஆறுகளும் கால்வாய்களும் நீர் பாய்ச்சிய கோதுமை வயல்களும் தந்த ஈரம் நிலத்தையொட்டியே மூடுபனியாகத் திரள்கிறது. பார்வைத் தொலைவு 50 மீட்டருக்கும் கீழே செல்வதுண்டு. விரைவு வண்டியொன்று முழு வேகத்திலிருந்து நிற்பதற்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் தேவைப்படும். ஓட்டுநர் கைகாட்டியைக் கண்டபின் வண்டியை நிறுத்த முயன்றால் காலம் கடந்துவிடும்.

இச்சிக்கல் இந்தியாவில் தோன்றியதன்று. தண்டவாளத்தின்மேல் பொருத்தி, சக்கரம் ஏறும்போது வெடித்து ஒலியெழுப்பும் சிறு வெடியை 1841இல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஆல்பிரட் கௌப்பர் உருவாக்கினார். கண்ணுக்கு எட்டாத சமிக்ஞையைக் காதுக்கு எட்டச் செய்ததே இதன் பயன். ஆயினும் பனிக்காலத்தின் பேரிடர் சமிக்ஞை தெரியாமற்போவது மட்டுமன்று. அது பொய் சொல்வதும் உண்டு. 1876 சனவரி 21 அன்று இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டனில் கைகாட்டியின் கை பனிப்பாளம் உறைந்து, 'செல்க' என்னும் நிலையிலேயே சிக்கிக்கொண்டது. நெம்புகோலை இழுத்த பணியாளர், அது 'நில்' என்னும் நிலைக்கு மாறிவிட்டதாக நம்பினார். எடின்பரோவிலிருந்து லண்டன் நோக்கி வந்த விரைவு வண்டி முன்னிருந்த நிலக்கரி வண்டியின்மீது மோதியது. அச்சிதைவின்மீது எதிர்த்திசையில் வந்த மற்றொரு விரைவு வண்டியும் மோதியது. அதுவரை கைகாட்டிகள் இயல்பு நிலையில் 'செல்க' என்றே காட்டிவந்தன. இயல்பு நிலை 'நில்' என்பதாகவே இருக்கவேண்டும் என்ற கொள்கை இவ்விபத்துக்குப் பின்னரே வலுப்பெற்றது. ஐயம் எழுந்தால் வண்டி நிற்கட்டும் என்பதே அதன் பொருள். பனிக்காலத் தாமதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. (அங்கே கொட்டிய பனியையும் தில்லியின் மூடுபனியையும் நம் மார்கழிப் பனியையும் தமிழ் 'பனி' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. இருப்புப்பாதையைப் பொறுத்தவரை இவற்றின் தீங்குகள் வேறுவேறானவை.)

இந்திய இருப்புப்பாதை விதிகள் இவ்வெடிச் சமிக்ஞையை நுணுக்கமாக வரையறுத்தன. நிலைய அதிகாரியின் அலுவலகத்திலிருந்து குறைந்தது 180 மீட்டர் தொலைவில் பார்வையளவைக்கான பொருளொன்று குறிக்கப்பட்டிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாதபோது அவர் மூடுபனிப் பணியாளரை அனுப்பவேண்டும். கைகாட்டிக்குக் குறைந்தது 270 மீட்டர் முன்பாக, சுமார் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு வெடிகளைப் பொருத்துவது அவர் கடமை. அப்பணிக்குரியோரின் பெயர்கள் நிலையப் பதிவேட்டில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் எளிதில் கடந்துசெல்லும் ஆள் இவரே. உறையும் இரவில், வரும் வண்டி தம் கண்ணுக்கே தெரியாத பாதையில் நின்று, ஒவ்வொரு வண்டி கடந்தபின்னும் வெடிகளை மீண்டும் பொருத்தியவர் அவர். குளிரில் சுருங்கும் தண்டவாளத்தில் விரிசல் உண்டா என்று இரவெல்லாம் நடந்து பார்ப்பவர்களும் அவரைப் போன்ற பாதைப் பணியாளர்களே.

வெடியோசை அறிவித்தது ஒன்றே ஒன்று: கைகாட்டி அருகில் இருக்கிறது. அது எந்நிலையில் இருக்கிறது என்பதை ஓட்டுநர் தாமே பார்த்தறிய வேண்டும். பாதையின் குறுக்கே இடப்பட்ட சுண்ணாம்புக் கோடுகளும், சமிக்ஞைக்கு முன்னுள்ள மின்கம்பங்களில் தீட்டப்பட்ட கறுப்பு மஞ்சள் பட்டைகளும் இதே செய்தியைத்தான் கூறின. ஆகவே வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரே நெடுங்காலம் உச்சவரம்பாக இருந்தது.

2010 சனவரி 2 அன்று உத்தரப் பிரதேசத்தில் அடர்ந்த மூடுபனியின்போது நிகழ்ந்த மோதல்கள் இவ்வரம்பின் தேவையை உணர்த்தின. கான்பூரை அடுத்த பங்கியில் பிரயாக்ராஜ் விரைவு வண்டியின் பின்புறத்தில் கோரக்தாம் விரைவு வண்டி மோதியதில் உயிரிழப்பு நேர்ந்தது. அதே நாளில் இட்டாவா அருகே லிச்சவி, மகத் விரைவு வண்டிகளும் மோதிக்கொண்டன.

பின்னர் செயற்கைக்கோள் வழி இடமறியும் சிறு கருவி ஓட்டுநர்களுக்கு வழங்கப்பட்டது. அடுத்து வரும் சமிக்ஞையின் பெயரையும் தொலைவையும் அது திரையிலும் குரலிலும் அறிவிக்கிறது. இதனால் வேக வரம்பு 75 கிலோமீட்டராக உயர்ந்தது. ஆனால் இக்கருவியும் சமிக்ஞையின் நிறத்தைக் கூறுவதில்லை. கௌப்பரின் வெடி தந்த அறிவையே இது முன்னதாகவும் துல்லியமாகவும் தருகிறது. ஏறத்தாழ 170 ஆண்டுகால மாற்றத்தின் அளவு மணிக்கு 15 கிலோமீட்டர்.

மூடுபனி கண்டிராத ஊர்களுக்கும் இத்தாமதம் வந்துசேர்கிறது. 1976இல் தொடங்கிய தமிழ்நாடு விரைவு வண்டி புதுதில்லிக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடுகிறது. அடர்பனி பெரிதும் தாக்குவது தில்லி ஆக்ரா இடையிலான சுமார் 200 கிலோமீட்டரில்தான். அங்கே தனக்குரிய நேரத்தை இழந்த வண்டி, வழிநெடுக உரிய நேரத்தில் ஓடும் பிற வண்டிகளுக்கு ஒதுங்கி நிற்கவேண்டியதாகிறது. இழப்பு குறைவதற்கு மாறாகப் பெருகவும் கூடும். தாமதமாக வந்துசேர்ந்த பெட்டித்தொடரே பராமரிப்புக்குப் பின் மறுபயணத்துக்கும் புறப்படவேண்டும். ஆகவே ஓரிரவின் பனி, வெயிலடிக்கும் மற்றொரு நகரின் நடைமேடையில் இரண்டு நாள் கழித்துக் காத்திருப்பாக மாறுகிறது.

சமிக்ஞையின் நிலையை எஞ்சின் அறைக்குள்ளேயே காட்டி, ஓட்டுநர் தவறினால் தானே வண்டியை நிறுத்தும் 'கவச்' அமைப்பு 2020இல் தேசிய அளவில் ஏற்கப்பட்டது. அது எல்லாப் பாதைகளையும் இன்னும் எட்டவில்லை. அதுவரை நவம்பர் வந்ததும் வட இந்திய நிலையங்களில் வெடிகளின் இருப்பு எண்ணிச் சரிபார்க்கப்படுகிறது. பதிவேட்டில் பெயர்கள் எழுதப்படுகின்றன.