அந்த நாலு பேர்

"நாலு பேர் என்ன சொல்வாங்க?" இந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த நாலு பேரிடமே போய் விசாரித்தவர் நம்மில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் சவூதித் தலைநகர் ரியாத்தில் 2017-இல் விசாரித்துப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் இன்னொரு குழு வேறொரு விதமாகக் கேட்டது. அடுத்தவர் மனத்தில் இருப்பதைப் பெரும்பாலோர் தப்பாகவே கணித்திருந்தார்கள் என்பது இரண்டு இடத்திலும் தெரியவந்தது. இரண்டையும் ஒரே நோய் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ரியாத் ஆய்வைச் செய்தவர்கள் லியோனார்டோ பர்ஸ்டின், அலெசாண்ட்ரா கொன்சாலெஸ், டேவிட் யனகிசாவா-ட்ரோட். பங்கெடுத்தவர்கள் 18 முதல் 35 வயது வரையுள்ள, மணமான ஆண்கள் 500 பேர். ஒரே வட்டாரத்துக்காரர்களை முப்பது முப்பது பேராக ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். அடுத்த நாற்காலிக்காரர் பலருக்கு முன்பே தெரிந்தவர். பெண்களை வெளியே வேலைக்குப் போக விட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று, யார் என்ன சொன்னார் எனத் தெரியாதபடி கேட்டார்கள். 87 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இந்த அறையில் எத்தனை பேர் ஆம் சொல்லியிருப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. சராசரி ஊகம் 63 சதவீதம்தான். ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் உண்மையைவிடக் குறைத்தே சொன்னார்கள். அப்படிக் குறைத்துச் சொன்ன ஒவ்வொருவரும் அறையிலிருந்த மற்ற இருபத்தொன்பது பேருக்குப் பயந்துகொண்டிருந்தார். அந்த இருபத்தொன்பது பேருக்கும் இவர்தான் 'நாலு பேரில்' ஒருவர்.

பிறகு பாதிப் பேருக்கு மட்டும் உண்மை எண்ணிக்கையைச் சொன்னார்கள். எல்லார் முன்னும் ஒரு தெரிவு வைத்தார்கள்: இணையக் கடையின் பரிசு அட்டையை வாங்கிக்கொள்ளலாம், அல்லது வேலை தேடித் தரும் செயலியில் மனைவியின் பெயரைப் பதியலாம். அன்றைய நடைமுறையில் மனைவி வேலைக்குப் போவது பெரும்பாலும் கணவன் தலையசைப்பதைப் பொறுத்தது. எண்ணிக்கை தெரியாதவர்களில் 23 சதவீதம் பேர் மனைவியின் பெயரைப் பதிந்தார்கள். தெரிந்தவர்களில் 32 சதவீதம்.

கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. மூன்று முதல் ஐந்து மாதம் கழித்து ஆய்வாளர்கள் தொலைபேசியில் மறுபடி விசாரித்தார்கள். வெளி வேலைக்கு மனு போட்டிருந்த மனைவியர் எண்ணிக்கை தெரியாதவர்கள் பக்கம் 6 சதவீதம், தெரிந்தவர்கள் பக்கம் 16 சதவீதம். நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள் 1 சதவீதம், 6 சதவீதம். வேலையில் சேர்ந்தவர் கணக்கில் மட்டும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனாலும் மனு போடுவது வாய்வார்த்தை ஆகாது.

அமெரிக்கக் கதைக்கு வருவோம். 2018 நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு, மோர் இன் காமன் என்ற அமைப்பு யூகவ் நிறுவனத்தைக் கொண்டு சுமார் 2,100 பேரைக் கேட்டது. இங்கே கேட்டது எதிர்க்கட்சிக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை. முறையாகக் கட்டுப்படுத்தினால் குடியேற்றம் நாட்டுக்கு நல்லதே என்று ஒப்பும் குடியரசுக் கட்சியினர் பாதிப் பேர் இருப்பார்கள் என்றனர் ஜனநாயகக் கட்சியினர். உண்மையில் 85 சதவீதம். மறுபக்கமும் சளைத்ததல்ல. எதிரணியில் தீவிரக் கருத்துக்காரர்கள் ஏறத்தாழ இரட்டிப்பாக இருப்பதாக இரு கட்சியினருமே எண்ணியிருந்தார்கள்.

யார் அதிகம் தவறினார்கள் என்பதுதான் வேடிக்கை. எந்நேரமும் செய்தி பார்ப்பவர்கள், எப்போதாவது பார்ப்பவர்களைவிட மிக மோசமாகத் தவறினார்கள். ஜனநாயகக் கட்சியினரிடையே படிப்பு ஏற ஏறப் பிழையும் ஏறியது. அரசியலில் அக்கறை இல்லாதவர்களின் கணக்கே உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. நாளுக்கு மூன்று செய்தித்தாள் புரட்டும் என் போன்றவர்களுக்கு இது உறைக்கத்தான் செய்கிறது.

ரியாத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலோ சிலர் ஓயாமல் கத்தினார்கள். அந்தச் சிலரையே மொத்தக் கட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். முன்னது பக்கத்து ஆளைப் பற்றிய பிழை. அதனால் ஆள் அடங்கிப் போகிறான். பின்னது எதிராளியைப் பற்றியது. அதனால் ஆள் முறுக்கேறுகிறான். ஒருவரோடொருவர் பழகினால் சரியாகும் என்பார்கள். ரியாத்காரர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பழகியவர்கள்தானே? நாலு விஷயம் தெரிந்துகொண்டால் தெளியும் என்பார்கள். அமெரிக்காவில் தெரிந்துகொள்ள ஓடியவர்களே அதிகம் குழம்பினார்கள்.

இரண்டில் ரியாத்தின் பிழையே தீர்க்க எளிது என்பேன். அங்கே ஒரே ஓர் எண்ணைச் சொன்னதற்கே பலன் தெரிந்தது. அமெரிக்கப் பிழையால் ஓட்டும் விளம்பரக் காசும் வருகின்றன. அவற்றை வாங்கிக் கல்லாவில் போடுபவர்கள் உண்மை எண்ணைத் தாங்களாக வாசித்துக் காட்டப்போவதில்லை.

அடுத்த முறை யாராவது "இதையெல்லாம் ஊர் ஒத்துக்காதுங்க" என்றால், ஊரில் யாரைக் கேட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.