முதிர்ந்த பூனையின் தொடர் வாந்தி

வயதான வீட்டுப் பூனை, தின்ற உணவை வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வெளியே தள்ளுவதே முதிர்ந்த பூனையின் தொடர் வாந்தி. மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் கால்நடை மருத்துவர்கள் அதை நாட்பட்ட வாந்தி என்பார்கள். இது தனி நோய் அன்று. சிறுநீரகம், தைராய்டு, குடல், கணையம், பல் என்று எங்கோ இருக்கும் கோளாறு வாய் வழியாகத் தெரிவது. அமெரிக்கப் பூனை மருத்துவ அமைப்புகள் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி 7 முதல் 10 வயதுவரை உள்ள பூனையை முதிர்ந்தது என்றும், 10 வயதைத் தாண்டியதை மூத்தது என்றும் பிரிக்கிறது. இரண்டாம் வகையில்தான் இந்தத் தொல்லை மிகுதி.

‘பூனை என்றால் கக்கத்தான் செய்யும்’ என்று வீடுகளில் சொல்வதுண்டு. மாதத்தில் ஒருநாள் ஒரு முடிப்பந்தைத் துப்புகிற இளம் பூனைக்கு அது பொருந்தலாம். பன்னிரண்டு வயதுப் பூனை வாரம் இருமுறை கக்கும்போது அதே பேச்சைச் சொன்னால், நோயைத் தொடக்கத்திலேயே பிடிக்கக்கூடிய மாதங்கள் கைநழுவிப் போகின்றன. முடிப்பந்துகூட அடிக்கடி வந்தால் ஆராய வேண்டியதே. ஒன்று, தோல் அரிப்பாலோ வலியாலோ பூனை தன்னை அளவுக்கு மீறி நக்குகிறது. அல்லது விழுங்கிய முடியைக் கீழே நகர்த்த முடியாதபடி குடலின் அசைவு தளர்ந்திருக்கிறது.

வாந்தியும் எதுக்களிப்பும்

முதலில் தெளிய வேண்டியது, வெளியே வந்தது வாந்தியா எதுக்களிப்பா என்பதுதான். வாந்திக்கு முன் பூனை குமட்டும், எச்சில் விடும், அடிக்கடி நாக்கைச் சப்பும், இடம் மாறி மாறிக் குந்தும். பிறகு வயிறு இழுத்து இழுத்துத் துடிக்கும். எதுக்களிப்பில் இந்த முயற்சி எதுவும் இருக்காது. தலையைத் தாழ்த்தும், தின்ற உணவு செரிக்காமல், குழாய் வடிவில், வழுவழுப்பான கோழை பூசி வெளியே விழும். வாந்தி இரைப்பைக்கும் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் உரியது, அல்லது இரத்தத்தில் சேர்ந்த நஞ்சுக்கு உரியது. எதுக்களிப்பு உணவுக்குழாய்க்கு உரியது. சில பூனைகளின் இருமலும் பார்ப்பதற்கு வாந்திபோலவே இருக்கும். கழுத்தை நீட்டித் தரையோடு பதுங்கி இருமி, கடைசியில் எதையோ விழுங்கும். கைபேசியில் பிடித்த அரைநிமிட வீடியோ மருத்துவருக்கு இந்த மூன்றையும் பிரித்துக் காட்டிவிடும். வாயால் விவரிப்பதைவிட அது பலமடங்கு பயன் தரும்.

எதுக்களிப்புக்கு வீட்டிலேயே உருவாகும் காரணம் ஒன்று உண்டு. பலருக்கு அது தெரியாது. டாக்சிசைக்ளின், கிளிண்டமைசின் போன்ற மருந்துகளை உலர்ந்தபடியே தொண்டையில் போட்டால், மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் சுருங்கிவிடும். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பூனை கெட்டி உணவையெல்லாம் எதுக்களிக்கத் தொடங்கும். மாத்திரை கொடுத்த உடனே ஊசியில்லாத சிரிஞ்சால் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெல்ல விட்டால் இதைத் தவிர்க்கலாம்.

வீட்டில் திரட்ட வேண்டியவை

நோயறிதலில் பாதி, மருத்துவமனைக்குப் போகும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தின்று எவ்வளவு நேரத்தில் கக்கியது, என்ன நிறம், உணவா நுரையா பித்தமா, முடி இருந்ததா, அன்று என்ன தின்றது என்று நாட்காட்டியிலேயே குறித்து வைத்தால் போதும். தின்ற ஐந்தாவது நிமிடமே வந்தால் அவசரமாகத் தின்றதா, எதுக்களிப்பா என்று பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் கழித்தும் உணவு உருமாறாமல் வந்தால் இரைப்பை காலியாகவில்லை என்று பொருள். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் பித்தம் வருவது வேறு கதை. காப்பித் தூள்போலக் கரிய துகள்கள் இருந்தால் அது இரைப்பையில் கசிந்த இரத்தம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பத்தகுந்த சாட்சி எடை. 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் அது பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம். மனிதருக்கானால் வீடே பதறும். பூனையின் ரோமம் அந்த இழப்பை மறைத்துவிடுகிறது. முதுகெலும்பைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். குழந்தையை நிறுக்கும் எடைக்கருவியில் மாதம் ஒருமுறை நிறுத்து எழுதிவைத்தால், வாந்தி தொடங்கும் முன்பே நோய் பிடிபட்டுவிடுவதும் உண்டு.

பூனைகள் பல உள்ள வீட்டில் இந்தச் சாட்சியம் கலைந்துபோகும். புணே நகரின் கிழக்கே சோலாப்பூர் சாலையில் இருக்கும் ஹடப்சர் 2025 பிப்ரவரியில் நாடு முழுவதும் செய்திகளில் வந்தது. அங்கே ஓர் அடுக்ககத்தின் ஒரே வீட்டில் 300-க்கும் மேற்பட்ட பூனைகள் வளர்க்கப்படுவதாக அக்கம்பக்கத்தார் நாற்றத்தையும் இரைச்சலையும் சொல்லி முறையிட்டனர். புணே மாநகராட்சி அவற்றை அகற்ற அறிவிப்பு கொடுத்தது. விவாதம் முழுவதும் சுகாதாரத்தையும் அண்டைவீட்டார் உரிமையையும் பற்றியே நடந்தது. பூனைகளின் பக்கமிருந்து பார்த்தால் அதில் வேறொரு துயரம் இருக்கிறது. அத்தனை கூட்டத்தில் எது தின்றது, எது இளைத்தது, காலையில் தரையில் கிடப்பது எதனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து பூனைகள் உள்ள வீட்டிலேயே இது கடினம். கூட்டத்தில் தொற்றும் பரவும். வலிய பூனைக்கு அஞ்சி முதிய பூனை அள்ளி விழுங்கும், விழுங்கியதைக் கக்கும். தனி அறையில் தனித் தட்டு, தனி மணல் தட்டு என்று மூன்று நாள் பிரித்துவைப்பதுதான் அங்கே முதல் பரிசோதனை.

உணவு

மகர்பட்டா, அமனோரா போன்ற ஹடப்சர் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. தமிழ் வீடுகளில் பூனைக்குப் பால்சோறும் தயிர்சாதமும் போடுவது பழைய வழக்கம். வளர்ந்த பூனையின் குடலில் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது; பால் பேதியையோ வாந்தியையோ கொண்டுவரலாம். குழம்பில் ஊறிய மீனில் மீனைவிடச் சிக்கல் வெங்காயமும் பூண்டும்தான்: இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். சைவ வீட்டின் அன்பு எவ்வளவு உண்மையானாலும், பூனை ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை அது இறைச்சியிலிருந்தே போதிய அளவு பெறுகிறது. டாரின் குறைபாட்டால் பூனையின் விழித்திரை கெடுவதை 1975-இலும், இதயத்தசை தளர்வதை 1987-இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினார்கள்.

கடை உணவிலும் கவனம் வேண்டும். பெரிய மூட்டையைப் பிரித்துக் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் உலர் உணவு புணேயின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நமத்துப் பூஞ்சை பிடிக்கும். அதிலுள்ள கொழுப்பு சிக்கடித்துப் போகும். பூட்டிய சிறு பை, அதில் அச்சிட்ட தேதி, பிரித்த நாளைப் பேனாவால் எழுதிவைப்பது, இவ்வளவே போதும். உற்பத்தியிலேயே நஞ்சு சேர்ந்த நிகழ்வும் உண்டு. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் டப்பா உணவு தின்ற பூனைகளும் நாய்களும் வாந்தியெடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. ஊரில் பல பூனைகள் ஒரே வாரத்தில் வாந்தியெடுத்தால் உணவுப் பையின் தொகுதி எண்ணைப் பார்ப்பது அந்த நிகழ்விலிருந்து வந்த பாடம்.

சில பூனைகளுக்கு உணவு கெடாமலே ஒத்துக்கொள்ளாது. பல ஆண்டுகள் தின்ற கோழியே ஒருநாள் பகையாகலாம். இதுவரை தின்னாத ஒரே இறைச்சி, அல்லது புரதத்தை நுண்ணியதாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு, வேறொரு துணுக்கும் இல்லாமல் தர வேண்டும். குடல் சார்ந்த ஒவ்வாமையானால் இரண்டு வாரத்துக்குள் வாந்தி குறைவது பெரும்பாலும் தெரியும். வீட்டில் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுத்தால் சோதனை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளுறுப்புகள்

முதிய பூனைகளில் மிகப் பரவலானது நாட்பட்ட சிறுநீரக நோய். தண்ணீர் அதிகம் குடிக்கும், மணல் தட்டில் கட்டிகள் பெரிதாகும், வாய் நாறும், உணவை முகர்ந்துவிட்டு விலகும். இரத்தத்தில் தேங்கும் கழிவு மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. இரத்தத்தில் கிரியாட்டினின் உயரும் முன்பே பூனை சிறுநீரகத் திறனின் பெரும்பகுதியை இழந்திருக்கும். ஆகவே இரத்தத்தோடு சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்க வேண்டும். சிறுநீரைப் பார்க்காமல் ‘கிட்னி நல்லா இருக்கு’ என்று முடிவு செய்யக் கூடாது. இந்நோயாளிகளில் பலருக்கு இரத்த அழுத்தமும் ஏறும். திடீர்ப் பார்வையிழப்பே அதன் முதல் அறிகுறியாக இருப்பதுண்டு.

சிறுநீரக நோய் பசியைக் கெடுக்கிறது என்றால், மிகைத் தைராய்டு பசியைக் கிளறுகிறது. பூனை முன்னைவிட அதிகம் தின்னும், இரவெல்லாம் கத்தும், குட்டிபோல ஓடும், ஆனால் இளைக்கும்; அவசரமாகத் தின்றதைக் கக்கும். ‘வயதானாலும் சுறுசுறுப்பு’ என்று வீட்டார் மகிழ்வதால் தாமதமாகும் நோய் இது. நியூயார்க் விலங்கு மருத்துவ மையத்தின் மார்க் பீட்டர்சன் 1979-இல் இதைப் பூனைகளில் முதன்முதலில் விவரித்தார். டி-4 என்ற இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இதைக் காட்டிவிடும். மனிதருக்குத் தரும் மெதிமசோல், கார்பிமசோல் மாத்திரைகளே பூனையின் அளவுக்குக் குறைத்துத் தரப்படுகின்றன. இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. அந்த மாத்திரையே சில பூனைகளுக்கு வாந்தி உண்டாக்கும். தைராய்டு தணிந்த பின் அது மறைத்து வைத்திருந்த சிறுநீரக நோய் வெளிப்படும். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் மறுபடி இரத்தம் எடுப்பது இதற்காகத்தான்.

சர்க்கரை நோய், கணைய அழற்சி, பித்தநாள அழற்சி ஆகியவையும் பட்டியலில் உண்டு. மலச்சிக்கலை வீட்டார் நினைப்பதே இல்லை. நீர்வற்றிய முதிய பூனை மணல் தட்டில் முக்கி முக்கியே வாந்தியெடுத்துவிடும். மாடிக் குடியிருப்பில் வாசலே தாண்டாத பூனைக்கும் ஒட்டுண்ணி வரும்: கரப்பானைத் தின்றால் இரைப்பைப் புழு, பல்லியைத் தின்றால் கல்லீரலின் பித்தநாளங்களில் குடியேறும் தட்டைப்புழு.

இரத்தமும் சிறுநீரும் குற்றம் காட்டாதபோது சந்தேகம் சிறுகுடலின் மேல் திரும்பும். அமெரிக்காவின் டெக்சாஸில் 100 பூனைகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, பூனையின் வாந்தியை மருத்துவர்கள் பார்க்கும் விதத்தையே மாற்றியது. நாட்பட்ட வாந்தியோ பேதியோ எடையிழப்போ இருந்து, ஸ்கேனில் குடல் தடித்துத் தெரிந்த பூனைகள் அவை. 99 பூனைகளில் திசு ஆய்வு நோயைக் காட்டியது. 49-க்குக் குடல் அழற்சி, 46-க்கு லிம்போமா என்னும் புற்று. முடிப்பந்து என்று தள்ளிவிடக்கூடிய வாந்திக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. அழற்சியும் மெதுவாக வளரும் சிற்றணு லிம்போமாவும் ஸ்கேனில் ஒன்றுபோலவே தோன்றும். திசுத் துணுக்கு எடுத்தால்தான் பிரித்தறிய முடியும். எண்டோஸ்கோப் சிறுகுடலின் நடுப்பகுதியை எட்டாது என்பதால் சில பூனைகளுக்கு வயிற்றைத் திறந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. வயதையும் பலவீனத்தையும் எடைபோட்டு, மயக்க மருந்து வேண்டாம் என்று வீட்டார் முடிவு செய்வதும் நியாயமான முடிவே.

காத்திருக்கக் கூடாதவை

ஒருநாள் முழுதும் தின்னாமை, தண்ணீரையும் கக்குதல், ஈறு மஞ்சளாதல், சிறுநீர் கழிக்க முடியாமல் ஆண் பூனை முக்குதல் ஆகியவற்றில் மறுநாள்வரை பொறுக்கக் கூடாது. வாந்தி நிற்கட்டும் என்று பூனையைப் பட்டினி போடுவதும் தவறு. பருத்த பூனை சில நாள் தின்னாவிட்டால் உடல் கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கே ஆபத்தாகும். தையல் நூலோ, மகர சங்கராந்தியில் மாடியில் விழுந்த பட்ட நூலோ தொண்டைக்குள் போனால் நாக்கின் அடியில் சிக்கிக் குடலை அறுக்கும். வெளியே தெரியும் நுனியை இழுக்கக் கூடாது. பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே மூன்று நாளில் சிறுநீரகம் போய்விடலாம். செங்காந்தளின் கிழங்கும் கொடிய நஞ்சு. காய்ச்சலென்று பாராசிட்டமால் தருவது பூனையைக் கொல்லும், அரை மாத்திரையானாலும்.

ஹடப்சரும் மருத்துவமும்

ஹடப்சரில் மருத்துவரிடம் போகும் தமிழருக்கு ‘உல்டி’ என்ற மராத்திச் சொல் போதும். பூனை அங்கே ‘மாஞ்சர்’. தனியார் மருத்துவமனையில் முடியாததற்கு, சதாரா சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஷிர்வளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மும்பையில் 1886-இல் தொடங்கிய பரேல் கால்நடைக் கல்லூரியும், மகாலட்சுமியில் 2024 ஜூலையில் திறந்த டாட்டா அறக்கட்டளைகளின் சிறுவிலங்கு மருத்துவமனையும் அடுத்த படி. தமிழ்நாட்டு வாசகருக்கு 1903-இல் தோன்றிய சென்னை வேப்பேரிக் கல்லூரி அந்த இடத்தில் நிற்கிறது.

பரிசோதனையின் வழக்கமான வரிசை: வாயும் பல்லும் கழுத்தும் வயிறும் தடவிப் பார்த்தல், எடை, இரத்த அழுத்தம், இரத்தம், சிறுநீர், டி-4, மலம், பிறகு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், வைட்டமின் பி-12 அளவு. மாரோபிடன்ட் ஊசி வாந்தியை நிறுத்தும். அடைப்பு இல்லையென்று உறுதியாகும் முன் அதைப் போட்டால் நோய் மறைந்துகொள்ளும். குடல் நோயில் பி-12 குறைந்திருந்தால் வாரம் ஒன்றாக ஆறு வாரம் ஊசி போடுவார்கள். அதுவே சில பூனைகளுக்குப் பசியைத் திருப்பித் தருகிறது. சிற்றணு லிம்போமா என்று தெரிந்தாலும் பிரெட்னிசலோனும் குளோராம்புசிலும் வாய்வழி மாத்திரைகளாகவே தரப்படுகின்றன. அவற்றை வீட்டிலேயே கொடுத்துப் பல பூனைகள் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தின்று, வெயில் காய்ந்து, மடியில் தூங்கி வாழ்கின்றன.