கடலுக்கு இருபுறமும் ஒரு கதை

1963ஆம் ஆண்டில் தைவான் தீவின் தைப்பே மாநகருக்கு, ஹாங்காங் நாளேடுகள் 'பித்தர் நகரம்' என்று பட்டம் சூட்டின. காரணம் ஒரு திரைப்படமே. ஷா சகோதரர்கள் தயாரிப்பில் லீ ஹான்சியாங் இயக்கிய 'லியாங் ஷான்போவும் ஜூ யிங்தாயும்' என்னும் அப்படத்தை, பத்து முறை, இருபது முறை, ஏன், நூறு முறை கண்டவர்களும் அந்நகரில் இருந்தனர். கதைநாயகனாக நடித்த லிங் போ தைப்பேக்கு வருகை தந்தபோது தெருக்கள் மக்கள் வெள்ளத்தால் நிரம்பின. அந்நாயகன் ஒரு பெண் என்பது வாசகர்க்கு வியப்பளிக்கலாம்.

கதை மிகப் பழையது. கிழக்கு ஜின் அரசர் காலத்தில் (317-420) நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது. பெண்களுக்குக் கல்விச்சாலை திறவாத அந்நாளில், யிங்தாய் ஆணுடை தரித்துப் படிக்கச் செல்கிறாள். உடன் பயிலும் ஷான்போவோ மூன்றாண்டுகள் பழகியும் அவள் பெண்ணென அறியான். தந்தை அழைக்க அவள் வீடு திரும்பும் நாளில், பதினெட்டு லீ தொலைவு, ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர், அவன் வழியனுப்ப நடக்கிறான். நீரில் இணைந்து நீந்தும் பறவைகளைக் காட்டுகிறாள். கிணற்றில் இருவர் நிழலையும் காட்டுகிறாள். அவனுக்கு விளங்கவில்லை. ஆணாக வேடமிட்ட பெண்ணை இனங்காணாத ஆணாக ஒரு பெண்ணே நடிக்கும் இக்காட்சி, நகைச்சுவையும் துயரமும் ஒருங்கே கலந்தது. உண்மையை அவன் உணர்ந்து ஓடி வருமுன், அவள் மா குடும்பத்திற்கு மணம் பேசப்பட்டுவிட்டாள். அவன் நோயுற்று இறக்கிறான். மணப்பல்லக்கு அவன் கல்லறையருகே வருகையில் புயல் எழுகிறது, கல்லறை பிளக்கிறது, அவள் உள்ளே பாய்கிறாள். இரு பட்டாம்பூச்சிகள் வெளிவருகின்றன.

படம் முழுதும் ஹுவாங்மெய் இசையில் பாடப்படுவது. சீனப் பெருநிலத்தின் நாட்டுப்புற மேடைகளில் வளர்ந்த இசை அது. லீ ஹான்சியாங்கும் பெருநிலத்தில் பிறந்து 1948இல் ஹாங்காங் வந்தவரே. திரும்பிச் செல்ல இயலாத நாட்டின் மாடங்களையும் பாலங்களையும் படப்பிடிப்பு நிலையத்துக்குள்ளேயே எழுப்பினார்.

1949இல் உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை-ஷேக்கின் அரசுடன் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தைவானுக்குக் குடிபெயர்ந்தனர். தாயையும் மனைவியையும் விட்டு வந்த படைவீரர் பலர். கடிதமும் செல்லாத பிரிவு அது. ஆயினும், அரங்குகளில் சிந்திய கண்ணீர் இவர்களுடையது மட்டுமே என்று கூறுதல் பொருந்தாது. தீவிலேயே பிறந்த இல்லத்தரசியரும் அழுதனர். பெற்றோர் குறித்த மணத்திற்குத் தலைகுனிந்த பெண்களுக்கு அக்கதையில் தம் வாழ்வே தெரிந்திருக்கக் கூடும்.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. இதே கதையைக் கம்யூனிச சீனா முன்னரே ஷாங்காயில் வண்ணப்படமாக எடுத்திருந்தது. 1954இல் ஜெனீவா மாநாட்டிற்குச் சென்ற பிரதமர் சூ என்லாய், சீனத்து 'ரோமியோ ஜூலியட்' என்று அறிமுகம் செய்து அதனை வெளிநாட்டாருக்குத் திரையிட்டார். தைவானில் அதைக் காண வழியில்லை. பீரங்கிகளை எதிரெதிரே நிறுத்தியிருந்த இரு கரையினரும், ஒருவர் அழுவதை மற்றவர் அறியாமல், ஒரே காதலர்க்காக அழுதனர்.

1963ஆம் ஆண்டின் தங்கக் குதிரை விருதுகளில் இது சிறந்த படமாயிற்று. யிங்தாயாக நடித்த லெ தி சிறந்த நடிகையானார். ஐந்தாண்டுகளில், 1968இல், இளம் வயதிலேயே மறைந்தார். ஆணாக நடித்த பெண்ணை எவ்வரிசையில் வைப்பதென்ற சிக்கலில், லிங் போவுக்குச் சிறப்பு விருது அளித்தனர்.

பெருநிலத்து உறவினரைச் சென்று காணத் தைவான் அரசு 1987 நவம்பரில்தான் இசைந்தது. இளைஞராக வந்தவர்கள் நரைத்த தலையோடு ஊர் திரும்பினர். அவர்களுள் பலருக்குக் காணக் கிடைத்தவை கல்லறைகளே.