டிஸ்கோ தாளத்தில் பத்து ராகம்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள். நான் ஓர் இசைத்தட்டின் வரலாற்றை எழுதுகிறேன். நம்ம ஹாஸ்டலில் ஒரு புரோட்டாப் பந்தயத்துக்குக் காரணமான தட்டு அது.

வருஷம் 2011. நான் மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ். ஒரு ராத்திரி என் ரூம்மேட் பென் டிரைவைச் சொருகி ஒன்றைப் போட்டான். அடியில் ரப்பர் மாதிரி இழுபட்டு வழுக்கும் பேஸ். மேலே பைரவ் ராகம். நம் பக்கத்தில் மாயாமாளவகௌளை. பாட்டு கிளாஸுக்குப் போனவர்கள் எல்லாம் முதல் நாள் சரளி வரிசை பாடுவார்களே, அந்த ராகம்தான். கூடவே ஓர் இயந்திரக் குரல் 'ஓம் நமசிவாய' என்கிறது. நான் திருப்பாச்சூர்க்காரன், வாசீஸ்வரர் கோயில் மணி கேட்டு வளர்ந்தவன். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"1982-ல பம்பாய்ல ஒருத்தர் வாசிச்சதுடா" என்றான்.

"போடா, டூப்பு. எவனோ வெளிநாட்டுக்காரன் இப்போ பண்ணிட்டு, பழைய தேதி போட்டிருக்கான்" என்றேன். பந்தயம் ரெண்டு செட் புரோட்டா, சால்னாவோடு.

அவன் சொன்னதுதான் நிஜம். சரண்ஜித் சிங் 1940-ல் பிறந்தவர். ஆர்.டி.பர்மன் போன்றவர்களின் இசைக்குழுக்களில் கிதார், பேஸ், கீபோர்டு என்று வாசித்த பம்பாய்க் கலைஞர். புதுக் கருவி எது வந்தாலும் வாங்கிப் பார்க்கிற ஆள். ரோலண்ட் என்ற ஜப்பான் கம்பெனியின் மூன்று கருவிகளைச் சிங்கப்பூரில் வாங்கி வந்தார்: ஜூபிடர்-8 சிந்தசைஸர், டி.ஆர்-808 தாள இயந்திரம், டி.பி-303 பேஸ் இயந்திரம். 1980-ல் 'குர்பானி' வந்த பிறகு இந்தி சினிமாவில் எங்கும் டிஸ்கோதான். தபலாவை நிறுத்திவிட்டு டிஸ்கோ தாளத்தில் ராகங்களை வாசித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1982-ல் பதிவு செய்தார். அடுத்த வருஷம் எச்.எம்.வி. வெளியிட்டது. 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று பெயர். பூபாலி (நம் மோகனம்), மால்கௌன்ஸ் (இந்தோளம்), யமன் (கல்யாணி) எல்லாம் உண்டு. தட்டு போணியாகவில்லை.

ஏன் என்பதற்கு என் கணிப்பு இது. ராகம் கேட்கிறவர்களுக்கு அது கச்சேரி இல்லை. டிஸ்கோ ஆடுகிறவர்களுக்கு அதில் பாட்டும் இல்லை, படமும் இல்லை. இங்கே சென்னையில் 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் துணையோடு போட்ட தீம் இசையைத் தமிழ்நாடே தலையில் வைத்துக் கொண்டாடியது. அதற்குக் கமல்ஹாசன், ரேவதி, பாலசந்தர் என்று ஒரு தேரே இருந்தது. சரண்ஜித் சிங்கின் தட்டு நடந்தே வந்தது, அவ்வளவுதான்.

இனி பொறியாளனாக ரெண்டு வார்த்தை. டி.பி-303 என்பது கூட வாசிக்க பேஸ் கிதார்காரர் இல்லாதவர்களுக்காகச் செய்த பெட்டி. பேஸ் கிதார் மாதிரியே அது கேட்காது. ஸ்வரங்களைத் தனியாக, கால அளவைத் தனியாக, 16 படிகளில் ஏற்ற வேண்டும். பேட்டரி போனால் ஏற்றியதெல்லாம் குழம்பிவிடும். 1984-க்குள் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியவை சல்லிசாகப் பழைய கடைக்குப் போயின. ஆனால் அதில் 'ஸ்லைடு' என்று ஒன்று உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வெட்டாமல் வழுக்கிப் போகும். நம் காதுக்கு அது ஜாருவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு ராகத்தின் ஸ்வரங்களை மட்டும் போட்டு, ஆதாரத்தை விடாமல் சுற்ற விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வேண்டாத பெட்டி ராகத்துக்கு வாகாக வந்துவிட்டது.

அதே மலிவுப் பெட்டியை அமெரிக்காவில் சிகாகோ பையன்கள் எடுத்தார்கள். 1987-ல் ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது; 'ஆசிட் ஹவுஸ்' என்றே ஒரு வகை பிறந்தது. டெல்லியில் 2002-ல் சரண்ஜித்தின் தட்டைக் கண்டெடுத்த எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் 2010-ல் அதை மறுபடி வெளியிட்டபோது, கேட்டவர்கள் திகைத்தது இதனால்தான். அஞ்சு வருஷம் முன்பே பம்பாயில் இதே சத்தமா? மோசடி என்றார்கள். இங்கிலாந்தின் ஏஃபெக்ஸ் ட்வின் வேலையாக இருக்கும் என்றும் சந்தேகப்பட்டார்கள். வெள்ளைக்காரன் சந்தேகப்பட்டது போகட்டும். நானும்தானே சந்தேகப்பட்டேன்? சிகாகோ என்றால் விசாரிக்காமல் நம்பியிருப்பேன். பம்பாய் என்றதும் நம்ம ஆள் செய்திருக்க மாட்டான் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்து, ஆசிட் ஹவுஸை இந்தியர்தான் கண்டுபிடித்தார் என்று வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அதுவும் சரியில்லை. சிகாகோவில் அந்தத் தட்டைக் கேட்டு யாரும் கற்றுக்கொண்டதாகத் தடயம் கிடையாது. கருவி ஒன்று, வழி ரெண்டு. சரண்ஜித் சிங் முன்னோடிதான், அப்பா இல்லை.

டி.ஆர்-808 பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. அதன் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்காக, மற்றவர்கள் கழித்துப்போட்ட குறையுள்ள டிரான்சிஸ்டர்களையே ரோலண்ட் தேடி வாங்கியது. செமிகண்டக்டர் தொழில் தேறத் தேற அந்தக் குறை கிடைக்காமல் போய், 1983-ல் தயாரிப்பு நின்றது. கும்மிடிப்பூண்டியில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிற எனக்கு, சிவப்பு ரிஜெக்ட் டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். டப்பாவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன் என்பது வேறு விஷயம்.

மறுவெளியீட்டுக்குப் பிறகு, எழுபது வயதைக் கடந்த சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை வாசித்தார். பேரப்பிள்ளை வயசுப் பசங்க முன்னால் நின்று ஆடினார்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

என் ரூம்மேட் இந்தச் சந்திப்புக்கு வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறான். ரெண்டு செட் புரோட்டா இன்னும் பாக்கி. அப்போதைய விலைக்குத்தான் பந்தயம் கட்டினோம் என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன்.